கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி: தண்டுவட மரப்பு நோயும் சிந்தனைத் திறனும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் மருத்துவர்களே பேசி வந்துள்ளனர். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கண்புரை எனப் பல பொருள்கள் குறித்து அவர்கள் தந்த அறிவுரைகளால் நாம் அனைவரும் பயன் பெற்றிருக்கிறோம். ஆனால் இன்று உங்கள் முன் நிற்கும் நாங்கள் மருத்துவர்கள் அல்லர். நாங்கள் ஒரு நோயாளியின் மாமனாரும் மாமியாரும் ஆவோம். பல ஆண்டுகளாக ஒரு நோயோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவற்றை உங்களிடம் கூறவே வந்துள்ளோம். அத்துடன் அந்நோயை அறியாததால் நாங்கள் செய்த ஒரு பெரும் பிழையையும் மறைக்காமல் கூற விரும்புகிறோம்.

இங்குக் கூறப்படும் எதுவும் எங்கள் மருமகளின் இசைவின்றிக் கூறப்படவில்லை. "மாமா, பேரை மட்டும் சொல்ல வேண்டாம். மத்ததையெல்லாம் சொல்லுங்க. இன்னொரு வீட்டுல யாருக்காவது உதவும்" என்று அவரே எங்களை அனுப்பி வைத்திருக்கிறார்.

பெயர் மறைக்கும் பாதி உண்மை

அந்த நோயின் பெயர் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். தமிழில் அரசு ஆவணங்களில் இது 'தண்டுவட மரப்பு நோய்' என்று குறிப்பிடப்படுகிறது. இப்பெயரைக் கேட்டதும் இது முதுகுத் தண்டையும் கை கால்களையும் பற்றிய நோய் என்றே எவருக்கும் தோன்றும். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் இந்நோய் தண்டுவடத்தை மட்டுமின்றி மூளையையும் கண் நரம்பையும் தாக்குகிறது. பெயர் பாதி உண்மையைச் சொல்லி, மீதிப் பாதியை மறைத்து விடுகிறது. எங்கள் வீட்டின் துன்பம் அந்த மறைந்த பாதியிலிருந்தே தொடங்கியது.

நம் வீடுகளில் மின்சாரம் செல்லும் கம்பிகளின் மேல் உறை இருப்பதைப் போல, நமது நரம்பிழைகளின் மேலும் 'மையலின்' என்னும் கொழுப்பு உறை ஒன்று உண்டு. இந்த உறை உள்ள நரம்பிழைகளில் செய்தி மிக விரைவாக, சிலவற்றில் விநாடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகத்தில் செல்லும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் அது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து செல்லும். நம்மை நோய்க்கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், திசை மாறி இந்த உறையையே அரித்து விடுவதுதான் எம்.எஸ். நோயாகும். அரிக்கப்பட்ட இடங்கள் வடுவாகி இறுகுகின்றன. நாளடைவில் உறை மட்டுமின்றி உள்ளிருக்கும் இழையும் சேதமடைகிறது.

இது தொற்று நோய் அன்று. கண்ணேறும் அன்று, எவரும் செய்து வைத்த வினையும் அன்று. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது படித்து முடித்து, வேலைக்குச் சென்று, மணமாகிக் குழந்தைகளை வளர்க்கும் பருவத்தில் இது தோன்றுகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இருமடங்கு வருகிறது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020-ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு கூறுகிறது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நோக்க நம் நாட்டில் இது குறைவே எனினும், அறவே இல்லாத நோய் அன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வசதி பரவிய பின்னர், முன்பு பெயர் தெரியாமல் போன பலருக்கு இப்போது நோயின் பெயர் தெரிகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் மருமகள் கணிதம் படித்தவர். ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். எங்கள் வீட்டின் வரவு செலவு, மின் கட்டணம், சீட்டுப் பணம், பேத்தியின் பள்ளிக் கட்டணம் அனைத்தும் அவர் மனத்திலேயே இருக்கும். எதையும் அவர் எழுதி வைத்து நாங்கள் கண்டதில்லை.

அவருடைய 27-ஆம் வயதில் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சில வாரங்களில் அது தானே தெளிந்ததால் நாங்கள் மறந்து விட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து இரு கால்களும் மரத்துப் போயின. அப்போதுதான் ஸ்கேன் எடுக்கப்பட்டு நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்தும் ஊசியும் தரப்பட்டன. நடை திரும்பியது. மாடிப்படி ஏறினார், பள்ளிக்குச் சென்றார். உறவினர்கள் வந்து பார்த்து, "நோயெல்லாம் போய்விட்டது" என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம்.

அதன் பின்னர் மெல்ல மெல்லச் சில மாற்றங்கள் தோன்றின. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. மின் கட்டணம் கட்டும் நாள் தவறி, ஒரு முறை இணைப்பே துண்டிக்கப்பட்டது. காலையில் கேட்ட கேள்வியையே மாலையிலும் கேட்டார். கல்யாண வீடுகளில் நால்வர் கூடிப் பேசும்போது, முன்பெல்லாம் கலகலப்பாக இருந்தவர் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் பேத்தி கணக்குப் புத்தகத்தை நீட்டினால், ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் பார்த்துக் கணித ஆசிரியை திகைத்து நின்றார்.

இவற்றையெல்லாம் நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம்? "மனம் வீட்டில் இல்லை" என்றோம். "நம் பேச்சுக்கு மதிப்பில்லை" என்றோம். "நோயைக் காரணம் காட்டிப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார்" என்றும் சொன்னோம். கால் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன நோய் என்பதே எங்கள் வாதமாக இருந்தது. எங்கள் மகனும் எங்கள் பக்கமே பேசினார். அவர் பதில் சொல்லத் தாமதித்தபோது அதைப் பிடிவாதம் என்றோம், பதில் சொன்னபோது எதிர்ப்பேச்சு என்றோம். இறுதியில் அவருடைய தந்தை வந்து, மகளை அழைத்துச் செல்வதாகக் கூறினார். வழக்கை இதே ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வர நாளும் குறிக்கப்பட்டது. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இவ்வுரையால் பயனில்லை.

தொண்ணூறு விநாடிச் சோதனை

அந்த வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்காக நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டியிருந்தது. மகன் வர மறுத்ததால் நாங்கள் இருவரும் உடன் சென்றோம். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் மனக்குறையைக் கொட்டினோம். அவர் குறுக்கிடாமல் கேட்டு முடித்து, பக்கத்து அறையில் இருந்த உளவியலாளரிடம் எங்களை அனுப்பினார்.

அங்கு ஒரு தாள் தரப்பட்டது. அதன் மேல்வரிசையில் ஒன்பது குறியீடுகளும், ஒவ்வொன்றுக்கும் உரிய ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருந்தன. கீழே அதே குறியீடுகள் மாறி மாறி வரிசையாக இருந்தன. மேலே பார்த்து, கீழேயுள்ள ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நேரம் 90 விநாடிகள். அமெரிக்க உளவியலாளர் ஆரன் ஸ்மித் வகுத்து, 1973-இல் வெளியிட்ட சோதனை இது. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் மருமகள் தவறே செய்யவில்லை. சொன்ன எண்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் மணி ஒலித்தபோது அவர் 34 குறியீடுகளையே கடந்திருந்தார். அவர் வயதும் படிப்பும் உடையவர்கள் சாதாரணமாக 50-ஐக் கடப்பார்கள் என்று உளவியலாளர் கூறினார். அதன் பின்னர் சொற்களின் பட்டியலையும் உருவங்களையும் நினைவிற்கொள்ளும் வேறு இரு சோதனைகள் நடந்தன. மூன்றும் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடிந்தன. உலகின் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, சிறிய மருத்துவமனைகளிலும் செய்யத்தக்கதாக 2012-இல் பரிந்துரைத்த சோதனைத் தொகுப்பு இது என்று பிறகு அறிந்தோம்.

முடிவைக் கூறியபோது மருமகள் அழுதார். நாங்கள் ஆறுதல் சொல்ல முயன்றோம். அவர் தலையசைத்து, "இது கவலையில வந்த அழுகை இல்ல மாமி. நான் வேணும்னு செய்யலன்னு இப்பவாவது ஒருத்தர் சொன்னாங்களே" என்றார். எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

மறதியா, தாமதமா?

மருத்துவர் அன்று விளக்கியதன் சாரம் இதுதான். எம்.எஸ். நோயால் சிந்தனையில் உண்டாகும் தளர்ச்சி, முதுமையில் வரும் அல்ஸைமர் மறதியைப் போன்றது அன்று. அல்ஸைமர் நோயில் பெற்ற நினைவு தங்காமல் கரைந்து போகிறது. எம்.எஸ். நோயில் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது மூளை செய்தியைக் கையாளும் வேகமாகும். ஒரு செய்தியை முழுமையாக வாங்கிக்கொள்வதற்குள் அடுத்த செய்தி வந்து மோதுகிறது. "அவர் மறந்து விடுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். பல நேரங்களில் அது மனத்தில் பதியவே நீங்கள் நேரம் கொடுக்கவில்லை" என்றார் மருத்துவர்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள கெஸ்லர் ஆய்வு நிறுவனத்தில் ஜான் டெலூகாவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. எம்.எஸ். நோயாளிகளுக்கு ஒரு பட்டியலைக் கற்றுக்கொள்ளப் பிறரைவிடக் கூடுதல் முறை தேவைப்பட்டது. ஆனால் கூடுதல் வாய்ப்புத் தந்து ஒரு முறை நன்கு கற்ற பின்னர், அவர்கள் பிறருக்கு இணையாகவே அதை நினைவில் வைத்திருந்தனர். அதாவது பெட்டி உடையவில்லை, அதன் வாசல்தான் குறுகியிருக்கிறது. எல்லா நோயாளிகளுக்கும் இது முழுமையாகப் பொருந்தாது. சிலருக்கு நினைவே தனியாகப் பாதிக்கப்படுவதும் உண்டு. திட்டமிடுதல், ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்தல், வேண்டிய சொல் உடனே வாய்க்கு வருதல், இடத்தையும் வடிவத்தையும் கணித்தல் ஆகியனவும் தளரலாம். ஆனால் மொழியறிவும் பொது அறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆகவேதான் நன்றாகப் பேசும் ஒருவரைப் பார்த்து, "இவருக்கு என்ன குறை?" என்று ஊர் கேட்கிறது.

பல நரம்பு வழிகள் சந்திக்கும் 'தாலமஸ்' என்னும் மூளையின் நடுப்பகுதி சுருங்குவதும், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரும் நரம்புப் பாலம் மெலிவதும், மூளையின் மேற்பரப்பில் சாதாரண ஸ்கேனில் எளிதில் தெரியாத காயங்கள் உண்டாவதும் இதற்குக் காரணங்கள் என்று கண்டறிந்துள்ளனர். காயம் கால்களுக்குரிய வழியில் இருந்தால் நடை தளர்கிறது, சிந்தனைக்குரிய வழியில் இருந்தால் சிந்தனை தளர்கிறது. ஒன்று நலமாக இருப்பதால் மற்றதும் நலமாக இருக்கும் என்று முடிவு கட்டுவது பிழையாகும். நாங்கள் செய்த பிழை அதுவே.

மருத்துவ உலகும் தாமதமாகவே உணர்ந்தது

நாங்கள் மட்டும் கவனிக்கத் தவறவில்லை. இந்நோயை 1868-இல் தெளிவாக வரையறுத்தவர் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ. தம் நோயாளிகளிடம் நினைவு தளர்வதையும், எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவர் அக்காலத்திலேயே கண்டு கூறியிருந்தார். ஆயினும் அதன் பின்னர் நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்களின் கவனம் கால்களிலும் கண்களிலுமே நின்றது. சிந்தனைத் தளர்ச்சி எப்போதோ ஒருவருக்கு வருவது என்றே எண்ணினர். இன்றும் நோயின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படுவது ஜான் கர்ட்ஸ்கி என்னும் மருத்துவர் 1983-இல் விரிவாக்கி வெளியிட்ட அளவுகோலே. அதில் நடுப்பகுதிக்கு மேல் மதிப்பெண் பெரும்பாலும் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் என்பவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களை விடுத்து, ஊருக்குள் வாழ்ந்து வந்த 100 நோயாளிகளையும் நலமுள்ள 100 பேரையும் அழைத்து விரிவாகச் சோதித்தனர். நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேருக்குச் சிந்தனைத் திறன் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கணித்தனர். அதன் பின்னர் நடந்த ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கு 40 முதல் 65 வரை அமைந்துள்ளது. அதே குழுவினரின் மற்றோர் ஆய்வு எங்கள் நெஞ்சைத் தொட்டது. உடல் தளர்ச்சி ஒரே அளவில் இருந்தபோதிலும், சிந்தனை பாதிக்கப்பட்டவர்கள் வேலையில் நீடிப்பது குறைந்திருந்தது. நண்பர்களோடும் உறவினர்களோடும் கலந்து பழகுவதும் குறைந்திருந்தது. கல்யாண வீட்டில் எங்கள் மருமகள் மூலையில் அமர்ந்திருந்ததன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. நால்வர் ஒரே நேரத்தில் பேசும்போது அந்தப் பேச்சின் வேகத்தை அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கத்தின் ஆதரவில் 2018-இல் வெளியான பரிந்துரைகள், நோய் கண்டறியப்பட்ட தொடக்கத்திலேயே சிந்தனைத் திறனை ஒரு முறை சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. தொடக்க அளவு இருந்தால்தான் பின்னர் ஏற்படும் மாற்றம் தெரியும். எங்கள் மருமகளுக்கு நோய் தெரிந்த நாளிலேயே அந்தத் தாளைத் தந்திருந்தால், சில ஆண்டுக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். 18 வயதுக்கு முன்னரே இந்நோய் வருவதும் உண்டு. அத்தகைய பிள்ளையின் மதிப்பெண் திடீரெனக் குறைந்தால், அடிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும்.

இதற்கு மருந்து உண்டா?

மறதியை நேராகப் போக்கும் மாத்திரை உண்டா என்று நாங்களும் கேட்டோம். இல்லை என்பதே நேர்மையான பதில். அல்ஸைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் என்னும் மருந்தை 120 எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். அதனால் நினைவாற்றல் மேம்படவில்லை. எனவே 'ஞாபக சக்தி மாத்திரை' என்று விற்கப்படுவனவற்றில் பணத்தை இழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆயினும் செய்யத்தக்கவை பல உள்ளன. முதலாவதாக, நோயின் தாக்குதலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை இடைவிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய காயம் வராமல் தடுப்பதே மூளையைக் காக்கும் முதல் வழி. இரண்டாவதாக, சிந்தனையை மேலும் மங்கச் செய்யும் வேறு காரணங்களைத் தேட வேண்டும். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு ஆகியவை இந்நோயாளிகளுக்கும் வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சிறுநீர் அவசரத்தைக் கட்டுப்படுத்தத் தரப்படும் சில மாத்திரைகளும் மந்தத்தை உண்டாக்கக் கூடும். அவற்றைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும். புகைப்பழக்கம் இந்நோயை விரைவுபடுத்துகிறது.

மூன்றாவது, பயிற்சி. கெஸ்லர் நிறுவனத்தில் நான்சி சியாரவல்லோட்டி தலைமையில் 86 நோயாளிகளிடம் நடத்தி, 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 5 வாரங்களில் 10 அமர்வுகளாக ஒரு நினைவுப் பயிற்சி தரப்பட்டது. நினைவில் வைக்க வேண்டியதைக் கண்முன் காட்சியாக்கிக் காண்பதும், தொடர்பில்லாத பொருள்களை ஒரு கதையாகக் கோப்பதுமே அப்பயிற்சி. பயிற்சி பெற்றவர்களின் கற்கும் திறன் மேம்பட்டது. எங்கள் வீட்டில் இதைப் பேத்தி விளையாட்டாக்கி விட்டாள். கடைக்குச் செல்லுமுன் "கொத்தமல்லிக் கட்டு சோப்புப் போட்டுக் குளித்து, டார்ச் வெளிச்சத்தில் முட்டையைத் தேடியது" என்று அம்மாவுக்குக் கதை கட்டுவாள். பிறகு அம்மாவே தமக்குக் கதை கட்டத் தொடங்கினார். பிறர் சொல்லிக் கேட்டதைவிடத் தாமே உருவாக்கியது நன்றாகப் பதிகிறது என்பதையும் அந்நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இளமை முதல் நூல் படித்தும், எழுதியும், மூளைக்கு வேலை தந்தும் வந்தவர்களிடம், ஸ்கேனில் காயம் மிகுந்திருந்தும் சிந்தனைத் தளர்ச்சி குறைவாக இருப்பதாகவும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். படிப்பு என்பது வேலைக்கு மட்டுமன்று, மூளைக்கான சேமிப்பும் ஆகும். நம் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை, மகனை அமர வைத்து அனைத்தையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்று தொலைக்காட்சியை நிறுத்தினார். எங்கள் வீட்டின் முதல் மாற்றம் அதுவே.

முக்கியமான பேச்சு இருக்கும்போது வேறு ஒலி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவது, ஒரு வேலை முடிந்த பின்னரே அடுத்ததைச் சொல்வது, கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பது என்பவை பழக்கமாயின. காத்திருப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. பத்து விநாடி மௌனத்தைத் தாங்கப் பெரியவர்களாகிய எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகிறது. கட்டணம், மருந்து, பள்ளி, உறவினர் வருகை எல்லாம் அதில்தான் எழுதப்படும். அது மருமகளுக்காக மட்டும் என்று இல்லாமல், வீட்டார் அனைவரும் அதைப் பார்த்தே நடக்கிறோம். சாவி, கைபேசி, மாத்திரைப் பெட்டி ஆகியவற்றுக்கு இடம் குறிக்கப்பட்டுள்ளது. அடுப்பில் பால் வைத்தால் கைபேசியில் மணி வைக்கப்படுகிறது.

கருத்தூன்ற வேண்டிய வேலைகளை அவர் காலையிலேயே முடித்து விடுகிறார். பிற்பகலில் சோர்வு மிகும்போதும், உடல் வெப்பம் ஏறும்போதும் அவருடைய பழைய தொல்லைகள் மீண்டும் தலைகாட்டும். சூடேறினால் பழுதுற்ற நரம்பில் செய்தி மேலும் தடைப்படுவதே இதற்குக் காரணம். உடல் குளிர்ந்ததும் அது தணிந்து விடும். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் நேரத்து விசேஷங்களுக்கு நாங்கள் அவரை வற்புறுத்துவதில்லை. நடந்துகொண்டே பேசும்போது கால் தடுமாறுவதும் உண்டு. ஆகவே சாலையைக் கடக்கும்போது பேச்சுக் கொடுப்பதில்லை.

எல்லாம் சரியாகி விட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. வகுப்பு ஆசிரியைப் பணியை அவர் விட வேண்டியதாயிற்று. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் அறையில் அவரால் நிற்க முடியவில்லை. இப்போது வீட்டில் காலை நேரத்தில் இரண்டிரண்டு பிள்ளைகளாக அழைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார். கணக்கு அவரை விட்டுப் போகவில்லை. நேரம் கொடுத்தால் எந்தக் கணக்கையும் அவர் முடித்து விடுகிறார். பால் இன்றும் சில நாள் பொங்கத்தான் செய்கிறது. இப்போது யார் அருகில் இருக்கிறோமோ அவர் அடுப்பைத் துடைத்து விடுகிறோம்.

ஜமாஅத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்

நிர்வாகக் குழுவினருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். கணவன் மனைவி பிணக்குகள் உங்கள் முன் வருகின்றன. "சொன்னதைச் செய்வதில்லை", "எதையும் மறந்து விடுகிறாள்", "பேசினால் கல்லைப் போல் நிற்கிறான்", "வேலையில் நிலைப்பதில்லை" என்ற புகார்களை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இவற்றில் பெரும்பாலானவை நோயால் வந்தவை அல்ல என்பதை நாங்களும் அறிவோம். எனினும் முன்பு திறமையாக இருந்த ஒருவரிடம் இம்மாற்றம் புதிதாகத் தோன்றியிருந்தால், முன்னர் எப்போதேனும் கண் மங்கியதா, கை கால் மரத்ததா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால், தீர்ப்புக்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். எங்கள் வழக்கு உங்கள் பதிவேட்டில் ஏறாமல் தப்பியது தற்செயலாக நேர்ந்தது. வேறொரு வாரத்தில் மருத்துவரின் முறை வந்திருந்தால், இன்று எங்கள் பேத்தி ஒரு வீட்டிலும் அவள் தாய் ஒரு வீட்டிலும் இருந்திருப்பார்கள்.

உதவி தேடுவோர் அறிய வேண்டியது ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் தண்டுவட மரப்பு நோய் சேர்க்கப்பட்டுள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய எம்.எஸ். சங்கத்திற்குச் சென்னையிலும் கிளை உண்டு. விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதே இந்நோயாளிகளுக்குப் பெரும் சுமை என்பதால், நம் இளைஞர்கள் இருவர் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அது பேருதவியாக இருக்கும்.

நிறைவாக ஒன்று. ஊன்றுகோலுடன் வருபவருக்கு நாம் எழுந்து இடம் தருகிறோம், பார்வையற்றவரைக் கை பிடித்து அழைத்துச் செல்கிறோம். அவர்களின் தளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிந்தனை தளர்ந்தவரின் கையில் ஊன்றுகோல் இல்லை. அவருக்கு நாம் தரக்கூடிய ஊன்றுகோல் நம்முடைய நேரமே. கேள்வியைக் கேட்டு விட்டுச் சற்றுக் காத்திருங்கள். பதில் வரும்.